நாற்றம் நின்றுவிட்டால் ஓடுங்கள்: தோல் ஷாப்பு தரையைக் கழுவுகிறவர்களுக்காக

தோல் ஷாப்பு விபத்து என்றதும் சீவும் இயந்திரத்தில் கை சிக்குவதும் டிரம் பெல்ட்டில் துணி மாட்டுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை நடக்கின்றன. ஆனால் அன்றாடம் தொழிலாளியை வீழ்த்துவது தரைதான். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தது முதல் மாலையில் கால் கழுவி வெளியே வரும்வரை அவர் நிற்பதும் நடப்பதும் வழுக்கும் தரையில். அதைச் சுத்தம் செய்வதோ தனி வேலையாகவே மதிக்கப்படுவதில்லை. கையில் துடைப்பமும் வாளியும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

குடியாத்தம் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்றால் பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். பீடி, தீப்பெட்டி, கைத்தறி லுங்கி என்று இந்த ஊருக்குச் சொந்தத் தொழில்கள் உண்டு. அவற்றில் கூலி கட்டுபடியாகாதபோது நம் சேரிகளிலிருந்து ஆட்கள் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறார்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரில் நின்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மாவட்ட எல்லை மாறியதே தவிர ஈரத் தரை மாறவில்லை. அந்தத் தரையைப் பற்றியும், அதைக் கழுவக் கொடுக்கும் பொருள்களைப் பற்றியும், கொடுக்க வேண்டியும் கொடுக்காத பொருள்களைப் பற்றியும் இந்த வாரம் பேசுவோம்.

தரையில் என்ன கிடக்கிறது?

பச்சைத் தோல் உப்புப் போட்டு வருகிறது. அதை ஊறவைத்து உப்பையும் இரத்தத்தையும் அழுக்கையும் கழுவுகிறார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் போடுகிறார்கள். முடி கரைந்து கழன்றுவிடும். தோலின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவி எடுக்கிறார்கள். அம்மோனியம் உப்பு சேர்த்துச் சுண்ணாம்பை நீக்குகிறார்கள். அதன்பின் உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்த நீரில் ஊறவைத்து, கடைசியில் குரோமியம் உப்பில் பதனிடுகிறார்கள். நீல நிறத்தில் தோல் வெளியே வருகிறது.

இத்தனை கட்டத்திலும் சிந்துவது எல்லாம் தரைக்குத்தான் வருகிறது. கொழுப்பு வழுக்கும். சுண்ணாம்புக் கூழ் சவர்க்காரம் போல வழுக்கும், தோலையும் அரிக்கும். இரண்டும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி இருந்த சிமெண்டுத் தரைகூடக் கண்ணாடியாகிவிடும். நாள்பட்டால் சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து வெள்ளைக் காரையாகப் படிந்து கெட்டியாகும். அந்தக் காரையின் மேல் மறுபடியும் கொழுப்புப் படியும்.

இதற்கு மருந்து பெரிய விஷயமில்லை. கொழுப்புக்குச் சோப்புத்தூளும் வெந்நீரும் வேண்டும். சலவைச் சோடா கலந்தால் கொழுப்பு எளிதில் விடும். காரையைச் சுரண்டுவதற்கு நீளக் கைப்பிடி உள்ள இரும்புச் சுரண்டி வேண்டும். தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டமும், வாய்க்காலுக்கு மேல் கம்பி மூடியும், நடக்கும் வழியில் சொரசொரப்பான தரையும் வேண்டும். கொழுப்புச் சிந்திய இடத்தில் உடனே மரத்தூள் தூவி வாரிவிட்டால் அது பரவாது. இவ்வளவையும் செய்ய ஒரு டிரம்மின் விலைகூட ஆகாது. செய்யாததற்குக் காரணம் பணமில்லை. விழுகிறவர் யார் என்பதுதான் காரணம்.

வாளியில் இருக்கும் ஆபத்து

வெள்ளைக் காரையைச் சுரண்டப் பொறுமை இல்லாத இடங்களில் ஆசிட் ஊற்றுகிறார்கள். வீட்டுக் கழிவறையில் பார்த்த பழக்கம்தான். ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்புக் காரை நுரைத்துக் கரையும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் தோல் ஷாப்பு தரை வீட்டுத் தரை அல்ல. அதே காரையிலும் அதே வாய்க்காலிலும் சல்ஃபைடு கலந்திருக்கிறது. சுண்ணாம்பு நீர் காரமாக இருக்கும்வரை சல்ஃபைடு தண்ணீரிலேயே அடங்கிக் கிடக்கும். ஆசிட் பட்டுக் காரத்தன்மை குறைந்ததும் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவாகக் கிளம்பிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆசிட்டைக் கையால் ஊற்றினால்தான் இது நடக்கும் என்றில்லை. சுண்ணாம்புப் பகுதியின் கழிவுநீரும், அமில ஊறல் மற்றும் குரோமியப் பகுதியின் கழிவுநீரும் ஒரே வாய்க்காலில், ஒரே தொட்டியில் சேர்ந்தாலும் இதேதான் நடக்கும். அதனால்தான் இரண்டு நீரையும் தனித்தனியாகப் பிரித்து வெளியேற்றச் சொல்கிறார்கள். சல்ஃபைடு நீரில் மாங்கனீசு உப்பைக் கொஞ்சம் சேர்த்துக் காற்றை ஊதிச் செலுத்தினால் சல்ஃபைடு கெட்டுப்போய் ஆபத்து குறையும். இது பழைய, நன்கு தெரிந்த முறை.

வாளியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் போட்டால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. கம்பெனிக் கழிவறையைக் கழுவும் அக்காமார்களும் ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களும் வீட்டில் உள்ளவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். நாற்றம் போகட்டும் என்று இரண்டையும் கலந்து ஊற்றிக் கதவைச் சாத்தாதீர்கள். ஒன்றைப் போட்டால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இன்னொன்று. ஆசிட்டைக் கரைக்க வேண்டியிருந்தால் தண்ணீரில் ஆசிட்டை மெதுவாக விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

கண்ணில் சுண்ணாம்போ காரநீரோ பட்டால் மருந்து தேடி ஓட வேண்டாம். அங்கேயே குழாயைத் திறந்து இமையை விரித்துக் குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் இன்னும் கூடுதலாக, தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரி. காரம் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். அந்த 15 நிமிடத்தில்தான் பார்வை தப்பும். உடம்பில் உலர்ந்த சுண்ணாம்புத் தூள் கொட்டினால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதனால் ஷெட்டுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் எட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

மூக்கை நம்பக் கூடாது

ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவிலேயே நாறும். பழகியவர்கள் அதைத் தொழிலின் வாசனை என்று சொல்லிவிட்டு வேலை பார்க்கிறார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு 10 பிபிஎம். அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 10 பங்கு. சுமார் 100 பிபிஎம் ஆனால் மூக்கின் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் தெரியாது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000 பிபிஎம் போனால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாற்றம் குறைந்தால் ஆபத்து குறைந்தது என்று நாம் நினைக்கிறோம். இந்த வாயுவில் அது தலைகீழ். நாற்றம் அடித்துக்கொண்டிருந்து திடீரென்று நின்றுவிட்டால் அங்கிருந்து ஓட வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே குழியிலும் தொட்டியிலும் மேன்ஹோலிலும் அடியில் போய்த் தங்கும். மேலே நின்று எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இறங்கியவர் அடியில் கிடக்கும் சேற்றை மண்வெட்டியால் கிளறியதும் சேற்றுக்குள் சிக்கியிருந்த வாயு குபுக்கென்று வெளியேறும்.

பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒருவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார். அவரைத் தூக்க மச்சான் இறங்குகிறார். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், மூடிய குழிகளில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று 1986-இலேயே எச்சரித்தது. பாசத்தால் இறங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாசத்துக்குக் கயிறும் காற்றுக் கருவியும் துணை இல்லாவிட்டால் ஒரு வீட்டில் இரண்டு சாவு விழும்.

சட்டம் எழுதி வைத்த முறை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். அபாய வாயு இருக்கக்கூடிய அறை, தொட்டி, குழி எதிலும் ஆளை இறக்கக் கூடாது என்று அது தொடங்குகிறது. இறக்கியே ஆக வேண்டும் என்றால் தப்பி வருவதற்குப் போதிய அளவு வழி இருக்க வேண்டும். வாயுவை வெளியேற்ற முடிந்த எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து, உள்ளே வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் மூச்சுக் கருவி அணிந்திருக்க வேண்டும், இடுப்பு வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். 36ஏ பிரிவு அப்படிப்பட்ட இடத்தில் 24 வோல்ட்டுக்கு மேல் மின்விளக்கு கொண்டுபோகக் கூடாது என்கிறது.

எத்தனை இடங்களில் அந்தச் சான்றுத் தாளை நம் ஆட்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள்? தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, விளக்கை இறக்கிப் பார்ப்பது எல்லாம் சோதனை ஆகாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு தீப்பற்றும் வாயு. வெடிக்கவும் செய்யும். ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டும் கையடக்கக் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இறங்கக் கூடாது.

2025 நவம்பர் 21 முதல் 1948 சட்டத்தின் இடத்துக்குத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு வந்துவிட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது அது. புதிய தொகுப்பு பல விவரங்களை விதிகளுக்கும் தரநிலைகளுக்கும் விட்டிருக்கிறது. ஆகவே 36-ஆம் பிரிவின் சொற்கள் விதிகளில் ஒரு வரிகூடக் குறையாமல் வருகின்றனவா என்று தொழிற்சங்கங்களும் நம் இயக்கங்களும் கவனிக்க வேண்டும். இன்னொரு மாற்றமும் நம் பகுதியைத் தொடுகிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். இப்போது 20 பேர் வேண்டும். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறிய ஷெட்டுகள் நிறைந்த வட்டாரம் இது. அபாயத் தொழில் என்று அரசு அறிவிக்கும் இடத்தில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் தொகுப்பு பொருந்தும் என்று வழி இருக்கிறது. தோல் பதனிடும் சிறிய ஷெட்டுகள் அந்த வழியில் வர வேண்டும் என்பது நம் கோரிக்கை.

ராணிப்பேட்டையும் பந்தலாவும்

2015 ஜனவரி 31. அப்போது ராணிப்பேட்டை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. நள்ளிரவு கடந்த நேரத்தில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் தோல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். சுத்தம் செய்வதற்கென்று கட்டிய நிலையமே ஆட்களைக் கொன்றது. தொழிற்சாலைக்குள்ளேயே தூங்க வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

பத்தாண்டு கழித்து, 2025 பிப்ரவரி 2 அன்று, கொல்கத்தாவின் பந்தலா தோல் வளாகத்தில் மேன்ஹோல் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், ஜனவரி 29 அன்று, கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆட்களைச் சாக்கடைக்குள் இறக்குவதை நிறுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. தீர்ப்பு தில்லியில் வந்தது. குழியோரத்தில் நின்ற மேஸ்திரிக்கு அது போய்ச் சேரவில்லை.

நம் பாலாற்றுக்கும் தீர்ப்புகள் உண்டு. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் திருப்புமுனை. சட்டக் கல்லூரி மாணவர் எவரும் அதைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. 2025 ஜனவரி 30-இல் இதே பாலாறு மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவான தீர்ப்பு தந்தது. ஆறு, நிலம், குடிநீர், உழவர் இழப்பீடு இவை அந்த வழக்குகளின் மையம். அது தேவையான போராட்டம். ஆனால் ஆற்றுக்குப் போகும் முன் அதே நீரில் கணுக்கால் அளவு நின்றவருக்கு என்று ஒரு பெரிய வழக்கு இந்த வட்டாரத்திலிருந்து இன்னும் பேசப்படவில்லை.

குழியில் என்ன இருந்தது என்று கேட்கும் சட்டம்

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அம்பேத்கர் நினைவு நாள் அது. அதன் 7-ஆம் பிரிவு பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமான முறையில் ஆளை வைத்துச் சுத்தம் செய்வதைத் தடுக்கிறது. முதல் தடவை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20-இல் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இப்போது அந்தச் சட்டத்தின் விளக்கப் பகுதியைப் படிப்போம். செப்டிக் டேங்க் என்றால் மனித மலத்தைத் தேக்கும் தொட்டி. சாக்கடை என்றால் மனித மலத்தையும் அத்தோடு மற்றக் கழிவையும் கொண்டுசெல்லும் குழாய். தோல் ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டியில் இருப்பது சுண்ணாம்பும் சதையும் சல்ஃபைடும். மனித மலம் இல்லை என்று சொல்லிவிட்டால் 2013 சட்டத்திலிருந்து நழுவ வழி கிடைக்கிறது. பிறகு குடும்பத்துக்கு மிஞ்சுவது தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கு. 1923 சட்டத்தின் கணக்கில் மாதச் சம்பளம் எவ்வளவானாலும் 15,000 ரூபாய்தான் உச்சம் என்று 2020-இல் வைத்தார்கள். அதன்படி 40 வயதுக்காரர் இறந்தால் ஏறக்குறைய 13.8 லட்சம் வரும். இ.எஸ்.ஐ.யில் பதிவானவராக இருந்தால் இழப்பீட்டுக்குப் பதில் சார்ந்தோருக்கு மாத உதவி கிடைக்கும். பதிவே செய்யாத ஒப்பந்த ஆள் என்றால் மேஸ்திரியின் பேரம்தான்.

இரண்டு குழியிலும் கொல்வது ஒரே வாயு. இறங்குகிறவரும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்த சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்கள் 38,000 பேரில் ஏறக்குறைய 69 சதவீதம் பட்டியல் சாதியினர் என்ற விவரம் 2024-இல் வெளிவந்தது. தொட்டியில் கிடந்தது மனிதக் கழிவா மாட்டுக் கழிவா என்று பார்த்துப் பிணத்துக்கு விலை வைப்பது நியாயமா? அபாய வாயு தேங்கும் எந்தக் குழிக்கும் அதே தடை, அதே தண்டனை, அதே 30 லட்சம் என்று சட்டம் திருந்த வேண்டும். மாநில அரசே தன் விதியில் இதற்கு வழி செய்யலாம்.

யார் காசில் கம்பூட்ஸ்?

ஆம்பூரில் தைக்கும் ஷூ ஐரோப்பாவின் கடைகளில் விற்கிறது. அதே தோலைப் பதனிடும் ஈரப் பகுதியில் ஆட்கள் ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் நிற்பதைப் பார்க்கலாம். கம்பூட்ஸ் கேட்டால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. அது சட்டவிரோதம். முதலாளி தர வேண்டிய கருவிக்கோ வசதிக்கோ தொழிலாளியிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது என்று 1948 சட்டத்தின் 114-ஆம் பிரிவு சொன்னது. புதிய தொகுப்பின் 6-ஆம் பிரிவும் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது.

கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவதற்காகக் கொடுக்கும் பொருளும் உண்டு. நூல் கையுறை அப்படிப்பட்டது. அது சுண்ணாம்பு நீரை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலோடு ஒட்டவைக்கும். அதைவிட வெறுங்கை மேல். சுண்ணாம்புக்கும் சல்ஃபைடுக்கும் அமிலத்துக்கும் முழங்கை வரை வரும் ரப்பர் அல்லது பிவிசி கையுறை வேண்டும். ஷூ கம்பெனியில் பசையும் கரைப்பானும் கையாளுகிறவருக்கு வேறு வகை கையுறை. எந்த ரசாயனத்துக்கு எந்தக் கையுறை என்பது பொருளோடு வரும் பாதுகாப்புத் தாளில் இருக்கும். கரைப்பானில் நனைந்த துணியை மூலையில் குவிக்காமல் மூடியுள்ள தகரப் பெட்டியில் போட வேண்டும். கம்பூட்ஸில் ஐ.எஸ். 5557, பாதுகாப்பு ஷூவில் ஐ.எஸ். 15298 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

முகக்கவசம் பற்றித்தான் அதிகக் குழப்பம். கொரோனா காலத்தில் அணிந்த துணி மாஸ்க்கும் பச்சை மாஸ்க்கும் வாயுவைத் தடுக்காது. தூசுக்கான மாஸ்க் தோல் தேய்க்கும் பகுதியின் தூசுக்கு உதவும், வாயுவுக்கு உதவாது. வடிகட்டி டப்பா பொருத்திய மாஸ்க்கூட ஆக்சிஜன் இல்லாத குழியில் பயனற்றது. அது இருக்கும் காற்றை வடிகட்டும், இல்லாத காற்றை உண்டாக்காது. குழிக்கு வெளியிலிருந்து காற்றுத் தரும் கருவிதான் வேண்டும். அதைவிட நல்லது, ஆளே இறங்காமல் உறிஞ்சு லாரியாலும் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தாலும் வேலையை முடிப்பது.

நோயையும் எழுதி வைக்க வேண்டும். விரல் முட்டிகளில் ஆறாத சிறு குழிப்புண், குரோமியத்தால் மூக்குத் தண்டில் விழும் ஓட்டை, கை முழுக்க வெடிப்பும் அரிப்பும், பச்சைத் தோலிலிருந்து வரும் ஆந்த்ராக்ஸ். குரோமியப் புண்ணும் தொழில் தோல் அழற்சியும் ஆந்த்ராக்ஸும் 1948 சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெற்றவை. மருத்துவரிடம் போகும்போது ‘கை அரிக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல் எந்த வேலை, எத்தனை வருடம், என்ன ரசாயனம் என்று சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள். களிம்பு புண்ணை ஆற்றலாம். எழுத்துதான் இழப்பீட்டுக்குச் சாட்சி.

சாதி எங்கே நிற்கிறது?

தோல் வேலை தீட்டு என்றது சாதி. அதில் பெரும் லாபம் என்று ஆன பிறகு பல சாதியினரும் பல மதத்தினரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் தொழிலுக்குள் ஒரு கோடு இருக்கிறது. காய்ந்த தோல், வெட்டுதல், தைத்தல், பேக்கிங், ஆபீஸ் ஒரு பக்கம். பச்சைத் தோல், சுண்ணாம்பு, சதை, வாய்க்கால், தொட்டி மறுபக்கம். ஈரப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று பார்த்தால் நம் ஆட்களும், இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஏழைகளும். திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வை எழுதிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நம் வட்டாரத்தின் கதையை எழுத மாணவர்கள் முன்வர வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அம்பேத்கர். வேலை நேரமும் விடுப்பும் பாதுகாப்பும் அவர் கையில் சட்ட விஷயங்களாக இருந்தன. சிலைக்கு மாலை போடும் நாம் அவர் அந்தத் துறையில் செய்த வேலையையும் தொடர வேண்டும். ஒரு ஜோடி கம்பூட்ஸ் கேட்பது அந்தத் தொடர்ச்சிதான்.

செய்யக்கூடியவை

மாநிலத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்: நம் வட்டத்தில் எத்தனை தோல் ஷெட்டுகளை ஆய்வு செய்தீர்கள், குழியில் இறங்குவதற்கான சோதனைச் சான்று எத்தனை இடத்தில் இருந்தது, எத்தனை தொழில்நோய் அறிவிப்பு வந்தது. 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. கிராம சபையில் இதைத் தீர்மானமாகவும் கொண்டுவரலாம்.

போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு அப்போது எழுத்தில் வந்தது. ரசாயன மூட்டையின் மேல் இருக்கும் ஆங்கில எழுத்தும் அபாயப் படமும் அந்தத் தகவலின் ஒரு பகுதி. கல்லூரியில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் அப்பாவையும் அம்மாவையும் செல்போனில் அந்த லேபிளைப் படம் எடுத்து வரச் சொல்லித் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தெரு நூலகத்தில், சங்க அலுவலகத்தில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டலாம். தமிழோடு உருது, இந்தி, வங்காளத்திலும் எழுதுங்கள். பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்கு அது புரிய வேண்டும்.

எழுத வேண்டியது ஐந்தே வரி. சுண்ணாம்புத் தரையில் ஆசிட் ஊற்றாதே. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலக்காதே. நாற்றம் திடீரென்று நின்றால் ஓடு. சோதனைச் சான்று, கயிறு, காற்றுக் கருவி, மேலே ஆள் இல்லாமல் குழியில் இறங்காதே. உள்ளே ஒருவர் விழுந்தால் நீ இறங்காதே, 108-க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் கூப்பிடு.

இந்த ஐந்து வரியை வெட்டி எடுத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் வாசித்துக் காட்டுங்கள்.